ஹேர் டிரான்ஸ்பிளான்ட்டுக்கு இஎம்ஐ போடலாமா? கையெழுத்துக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

வீட்ல வரன் பார்க்க ஆரம்பிச்சாச்சு. புரோக்கருக்குக் கொடுக்க எடுத்த போட்டோவுல நெத்தி கொஞ்சம் மேல ஏறித் தெரியுது. அன்னைக்கு ராத்திரியே மொபைல்ல "ஹேர் டிரான்ஸ்பிளான்ட்"னு தேடுறீங்க. மறுநாள்ல இருந்து இன்ஸ்டாகிராம் முழுக்க ஒரே விளம்பரம்தான்: "மாசம் வெறும் 8,850 ரூபாய், நோ காஸ்ட் இஎம்ஐ!"

இந்த ஆசையை நான் கிண்டல் பண்ணப் போறதில்ல. சொட்டைத் தலையை வச்சு நம்ம சினிமாவுல வந்த காமெடிக்கு அளவே கிடையாது. அதைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். செய்யணுமா வேண்டாமாங்கறது உங்க முடிவு. ஆனா கடன் வாங்கிச் செய்யலாமாங்கறது நம்ம ஏரியா, அதைப் பேசுவோம்.

கீழ இருக்கற எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க கோட்டேஷனை வச்சு இதே மாதிரி போட்டுப் பாருங்க. 3,000 கிராஃப்ட், ஒண்ணு 30 ரூபாய், ஆக 90,000. காஸ்மெட்டிக் சர்ஜரிக்கும் ஹேர் டிரான்ஸ்பிளான்ட்டுக்கும் 18% ஜிஎஸ்டி உண்டு. அது 16,200. மொத்தம் 1,06,200 ரூபாய், 12 மாசத்துக்கு 8,850. இதுவரைக்கும் வட்டியே இல்லாத மாதிரிதான் தெரியுது.

இப்போ கவுன்டர்ல "மொத்தமா கேஷா கட்டினா எவ்வளவு?"ன்னு கேளுங்க. 80,000-க்கு இறங்கி வர்றாங்கன்னு வச்சுக்குவோம். ஜிஎஸ்டி சேர்த்து 94,400. இஎம்ஐல போனா 1,06,200, அதோட பிராசஸிங் ஃபீஸ் 3,000, அதுக்கு ஜிஎஸ்டி 540. வித்தியாசம் 15,340 ரூபாய். ஃபீஸை முதல்லயே கட்டிடறீங்க, அசலும் மாசாமாசம் குறைஞ்சுக்கிட்டே வருது. அதையெல்லாம் சேர்த்துப் பார்த்தா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 30% வட்டி! பல பர்சனல் லோனே இதைவிட மலிவு. ஜீரோ பர்சன்ட் வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. வட்டி வேற பேர்ல உள்ள வந்துடும், அவ்வளவுதான்.

கோட்டேஷன்ல இன்னொண்ணும் பாருங்க. எழுதியிருக்கறது முடியோட எண்ணிக்கையா, கிராஃப்ட் எண்ணிக்கையா? ஒரு கிராஃப்ட்ல 1-லிருந்து 4 முடி வரைக்கும் இருக்கும். "6,000 முடி"ங்கறதும் "6,000 கிராஃப்ட்"டுங்கறதும் ஒண்ணு இல்ல.

வட்டியை விட எனக்குப் பெரிய கவலை வேற. கடன் கொடுக்கறது கிளினிக் இல்ல, ஒரு நிதி நிறுவனம். அவங்க கிளினிக்குக்குப் பணத்தைக் கொடுத்துடுவாங்க, நீங்க அவங்களுக்குக் கடன்காரர். நட்ட முடி சில வாரத்துலயே பெரும்பாலும் கொட்டிடும். பயப்பட வேண்டாம், அது இயல்புதான், வேர் உள்ள இருக்கும். 3, 4 மாசத்துக்கு அப்புறம்தான் முளைக்க ஆரம்பிக்கும். முழு ரிசல்ட் தெரிய 9-லிருந்து 12 மாசம். அதாவது நல்லா வந்துச்சா இல்லையான்னு தெரியறதுக்குள்ள கடைசி இஎம்ஐயே கட்டி முடிச்சிருப்பீங்க. நடுவுல கிளினிக் மூடிட்டாலும், ரிசல்ட் சொதப்பினாலும், மாசாமாசம் பணம் போய்க்கிட்டுதான் இருக்கும். கோபத்துல நிறுத்தினா சிபில் ஸ்கோர் அடிபடும், நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது வந்து நிக்கும். பைக் பிடிக்கலைன்னா வித்துக் கடனை அடைக்கலாம். இதை விக்க முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

கல்யாணம் 2, 3 மாசத்துல இருக்குன்னா இன்னும் மோசம். கொட்டி முடிச்ச நேரத்துல மணமேடைல உட்காருவீங்க.

அடுத்தது முதல் போடற விஷயம். நடறதுக்கான முடியை உங்க பின்னந்தலைல இருந்துதான் எடுக்கணும். எடுத்த இடத்துல திரும்ப முளைக்காது. அது விதை நெல் மாதிரி, அளவு அவ்வளவுதான். 23, 24 வயசுல எங்க வரைக்கும் கொட்டும்னே தெரியாது. இப்போ முன் நெத்தியை நிரப்பிட்டா, நட்டது நிக்கும், அதுக்குப் பின்னாடி இருக்கற பழைய முடி தொடர்ந்து கொட்டும். அதைக் காப்பாத்த மருந்து தொடரணும், இல்லைன்னா இன்னொரு சிட்டிங். பேக்கேஜ் விலைல இது எதுவும் சேர்ந்திருக்காது.

மெடிக்கல் இன்சூரன்ஸ் வருமான்னு கேட்பீங்க. வராது. தோற்றத்தை மாத்தறதுக்கான சிகிச்சை எல்லா பாலிசியிலயும் பொதுவா விலக்கி வச்ச பட்டியல்ல இருக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இதுக்கு அப்புறம் சீரமைக்கற சர்ஜரின்னா கதை வேற, அதுக்கு க்ளெய்ம் போடலாம். பிறவிக் குறை, காயம் இதனால பாதிச்சதைச் சரி பண்ற சர்ஜரிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. இந்த ரகம் உங்களோடதுன்னா பில்லுல 18% போட்டிருக்காங்களான்னு அவசியம் பாருங்க.

விலை குறைவா இருக்கேன்னு போறதுக்கு முன்னாடி, கத்தியைப் பிடிக்கறது யாருன்னு கேளுங்க. தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, பதிவு பெற்ற, முறையா சர்ஜரி பயிற்சி எடுத்த டாக்டர்தான் இதைச் செய்யணும்னு இருக்கு. யூடியூப் பார்த்துக் கத்துக்கறது போதாதுன்னும் அதுலயே எழுதியிருக்காங்க (யூடியூப் நடத்தற நானே இதைச் சொல்றேன்!). 2016-ல சென்னைல ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செஞ்சுக்கிட்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்தே போனார். டாக்டர் பேரு, பதிவு எண், மயக்க மருந்துக்கு யாரு, அவசரம்னா எந்த ஆஸ்பத்திரி, இந்த நாலையும் எழுதி வாங்குங்க.

என்னைக் கேட்டா, முதல்ல ஒரு தோல் டாக்டரைப் பாருங்க. இரும்புச்சத்து, தைராய்டு காரணமா கொட்டுதுன்னா நடவே தேவைப்படாது. பரம்பரையா வர்றதுன்னா மருந்து எவ்வளவு பிடிக்குதுன்னு தெரிய 6 மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும். அந்த வருஷம் முழுக்க அதே 8,850 ரூபாயை ஆர்டில போடுங்க. கைல லட்சத்துக்கு மேல இருக்கும். அப்பவும் ஆசை அப்படியே இருந்தா, மூணு கிளினிக்ல கேஷ் விலை பேசிட்டு செஞ்சுக்கங்க.

இல்ல, லோன்தான் வழின்னா கேஎஃப்எஸ்-ங்கற ஒரு பேப்பர் கேளுங்க. 2024 அக்டோபர் 1-லிருந்து எல்லா சில்லறைக் கடனுக்கும், உங்களுக்குப் புரியற மொழில, அதைக் கொடுத்தாகணும்னு ரிசர்வ் வங்கி விதி. அதுல ஏபிஆர்-னு ஒரு சதவீதம் இருக்கும், வட்டியும் ஃபீஸும் சேர்ந்தது. கேஷ் தள்ளுபடி அதுல வராது, அதை நீங்கதான் தனியா கூட்டிக்கணும். ஆப் மூலமா எடுத்த லோன்னா, குறைஞ்சது ஒரு நாளாவது கூலிங் ஆஃப் டைம் உண்டு. வீட்டுக்குப் போய் மனசு மாறினா, அதுக்குள்ள அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி அபராதம் இல்லாம வெளிய வந்துடலாம். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே அது எத்தனை நாள்னு கேட்டுக்கங்க.