தரை போட ஆள் தேடுவோர்க்கு

வீடு கட்டுவோர்க்குச் சுவரைப் பற்றிக் கவலை உண்டு. கூரையைப் பற்றிக் கவலை உண்டு. தரையைப் பற்றிய நினைவு கையிருப்புத் தீர்ந்த பிறகே வருகிறது. அரக்கோணம் – சென்னை இருப்புப்பாதையை ஒட்டிய எங்கள் சிற்றூரில் இதனைப் பலமுறை கண்டிருக்கிறேன். என் தந்தையார் டைல்ஸ் பதிக்கும் கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறை நாள்களில் அவருக்குச் சித்தாளும் நானே. எனவே இதுபற்றி எழுத எனக்குச் சிறிது உரிமை உண்டு.

எங்களூரில் வீட்டுக்காரர் விடியற்கால மின்சார ரயிலில் வேலைக்குப் போய்விடுகிறார். நல்ல கொத்தனாரும் அதே வண்டியில்தான் போகிறார்! சென்னையில் கூலி அதிகம்; அடுக்குமாடிகளில் மாதக்கணக்கில் வேலை. ஓர் அறைக்காக உள்ளூரில் நிற்க அவருக்குக் கட்டுபடியாகாது. கிடைத்தவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு வண்டியேறுகிறவர், இரவு திரும்பி விளக்கொளியில் தரையைப் பார்க்கிறார். பளபளக்கிறது. தட்டிப் பார்க்கத் தோன்றுவதில்லை.

தட்டித்தான் பார்க்க வேண்டும். செராமிக் டைல்ஸின் முதுகில் நுண்துளைகள் உண்டு. நீரில் ஊறவைத்துப் பதித்தால் சிமெண்ட் பால் அவற்றில் ஏறிப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு டைல்ஸோ தன் எடையில் அரை விழுக்காடு நீரைக்கூட உறிஞ்சாது. அதற்கென உள்ள பசையை முதுகு முழுதும் தடவவேண்டும். நான்கு மூலைக்கும் நான்கு உருண்டை கலவை வைத்து அழுத்தினால் நடுவே காற்று நிற்கும். நாணயத்தால் தட்டினால் காலிக் குடம்போல் ஒலிக்கும். அம்மிக் குழவி தவறி விழுந்தால் உடைவது அந்த இடமே. ஆகவே ஒருவரை அமர்த்துமுன், அவர் முன்பு முடித்த வீட்டுக்குச் சென்று தட்டிப் பாருங்கள்.

அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘இரண்டுக்கு இரண்டு’ என்று கடையில் விற்பது 600 மில்லிமீட்டர். பரப்பு 4 சதுர அடி அன்று, 3.875. நான்கு கொண்ட பெட்டி 15.5 சதுர அடியே வரும். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு, வெட்டுச் சேதம் பத்து விழுக்காடு சேர்த்தால் 9 பெட்டி. தொகுதி எண் ஒன்றாகப் பார்த்து ஒரேயடியாக வாங்குங்கள். பின்னர் வாங்கினால் நிறம் மாறக்கூடும். ஸ்கர்ட்டிங் கூலி தனியா, பழைய தரையைப் பெயர்ப்பது யார் என்பதை முதலிலேயே பேசாமல் முகம் முறிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

எல்லாவற்றினும் முக்கியம் குளியலறை வாட்டம். அடிக்கு எட்டிலொரு அங்குலமாவது வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும். நீர் நிரப்பிய குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதை நாம் பாடமாகப் படிக்கிறோம். என் தந்தையார் அதைக் கொண்டே வாட்டம் பிடிக்கிறார். எங்கள் அண்டை வீட்டுப் பாட்டி, வாட்டம் தவறிய குளியலறையில் தேங்கிய நீரில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். அதைச் செய்தவர் யார் என்பது இங்கு வேண்டா. பெயர்த்துத் திரும்பப் போட்டுக் கொடுத்தவர் என் தந்தையார். அதற்காகச் சென்னை வேலையில் இரண்டு நாள் கூலியை விட்டார்.

ஆகவே, வீட்டில் ஆள் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்து வேலை வையுங்கள். பூச்சு இறுகியபின், மறு ஞாயிறு ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். அது தானாக வடிகாலுக்கு ஓடினால் மீதிக் கூலியைக் கொடுங்கள். அன்றே கொடுங்கள், மறுநாள் விடியலில் அவரும் வண்டி பிடிக்க வேண்டும்.