கடைமடைக்கு வராத தண்ணீர் எங்கே நிற்கிறது?

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம் ஆகியவற்றோடு நான்காவதாகப் பிரிவது கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934ஆம் ஆண்டோடு ஒட்டி வந்த கால்வாய் என்பதால், தொண்ணூறு ஆண்டுகள் கடந்த பின்னும் நம் பக்கத்து மக்கள் அதைப் 'புது ஆறு' என்றே அழைக்கிறார்கள். அதற்கு முன் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியாக இருந்தது. ஏரி, குளங்களில் மழைநீரைத் தேக்கிப் பயிர் செய்தார்கள். புது ஆறு வந்தபோது அந்தக் குளங்களில் பல கால்வாயோடு இணைக்கப்பட்டன. ஆகவே இப்பகுதியில் ஆற்றுப் பாசனம் வேறு, குளத்துப் பாசனம் வேறு என்று பிரித்துப் பார்க்க இயலாது. இந்த அமைப்பின் கடைக்கோடியில், ராஜாமடம் வாய்க்காலுக்கும் கடலுக்கும் இடையே இருப்பது அதிராம்பட்டினம் வட்டாரம்.

2024ஆம் ஆண்டில் மேட்டூர் அணை ஜூலை 28 அன்றுதான் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் அதிராம்பட்டினத்தை அடுத்த ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். நேரடி விதைப்பு பற்றிப் பேசுவதற்காகப் போனவன் நான். ஆனால் ஒரு முதிய உழவர், "சார், தண்ணி வந்தாச்சுன்னு டிவியில சொல்றாங்க. எங்க வந்திருக்குன்னு நீங்களே வந்து பாருங்க" என்று அழைத்துப் போனார். அவருடைய வயலுக்கு வரும் கிளை வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. அங்கிருந்து வாய்க்கால் கரையோடு மேல்நோக்கி நடந்தோம். ஒன்றரை மைல் போனதும் தண்ணீரைக் கண்டோம். கரை ததும்ப நின்றது. ஓடவில்லை, நின்றது.

இடையில் நாங்கள் பார்த்தவற்றைச் சொல்கிறேன். ஓரிடத்தில் தென்னந்தோப்பின் கடைசி வரிசை கரையைத் தாண்டி வாய்க்காலின் சரிவிலேயே நடப்பட்டிருந்தது. அடுத்து ஒரு வைக்கோல் போர், அதையொட்டி ஒரு மாட்டுக் கொட்டகை. பிறகு தோப்புக்குள் டிராக்டர் போவதற்காக வாய்க்காலின் குறுக்கே மண்ணைக் கொட்டி, அடியில் ஒரே ஒரு சிமெண்டுக் குழாயைப் பதித்திருந்தார்கள். குழாயின் வாயை நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்திருந்தது. அதற்கு மேல்தான் தண்ணீர் நின்றது.

இவற்றில் எதையும் பெரிய ஆக்கிரமிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விவரம் புரியும். முந்நூறு அடி நீளமுள்ள வயலின் ஓரமாக மூன்றடி அகலம் வாய்க்காலைச் சேர்த்துக் கொண்டால் கிடைப்பது தொள்ளாயிரம் சதுர அடி, அதாவது சுமார் இரண்டு சென்ட். இருபத்தைந்து அடி இடைவெளியில் பன்னிரண்டு தென்னை வைக்கலாம். இலாபம் இவ்வளவுதான். நஷ்டத்தின் கணக்கு வேறு. வாய்க்காலில் ஓடும் நீரின் ஆழம் பாதியாகக் குறைந்தால், ஓடும் அளவும் பாதியாகத்தான் குறையும் என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. ஆழம் குறையும்போது வேகமும் குறைகிறது. எனவே ஆழம் பாதியானால் ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அகலமும் பாதியாகிவிட்டால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். கடைமடைக்காரருக்கு முறைப்படி ஆறு நாள் தண்ணீர் என்றால், அவருக்குக் கிடைப்பது ஒரு நாள் தண்ணீர். வேகம் குறைந்த நீரில் வண்டல் படியும். படிந்த வண்டலில் கோரையும் சம்பும் முளைக்கும். அடுத்த ஆண்டு நிலைமை இன்னும் மோசமாகும்.

கல்லணைக் கால்வாயைச் சீரமைக்க 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. தாய்க் கால்வாய்க்கு எவ்வளவு சிமெண்டு பூசினாலும், கடைசி இரண்டு மைலில் உள்ள கிளை வாய்க்கால் அடைபட்டிருந்தால் அந்தப் பணத்தின் பயன் கடைமடைக்கு வந்து சேராது.

குளம் சுருங்கினால்

குளத்து ஆக்கிரமிப்பின் கணக்கு இன்னும் தெளிவானது. ஐந்தடி நீர் நிற்கும் குளத்தில் ஒரு ஏக்கரை மேடாக்கிவிட்டால், அறுபது ஏக்கர்-அங்குலம் தண்ணீரை இழக்கிறோம். ஆவியாதல், கசிவு என்று பாதியைக் கழித்து விடுவோம். மீதி முப்பது. பால் பிடிக்கும் பருவத்தில் ஒரு நனைப்புக்கு இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொண்டால், பதினைந்து ஏக்கர் சம்பாவுக்கு ஒரு தண்ணீர். தை மாதத்தில் அந்த ஒரு தண்ணீர் இல்லாமல் கதிர் பதராகிப் போனதைக் கண்டவர்களுக்கு இதன் விலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடலோரத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து நிலத்துக்கு அடியில் இருக்கிறது. நல்ல நீர் இலேசானது. உப்பு நீர் கனமானது. ஆகவே நிலத்தடியில் உப்பு நீரின் மேல் நல்ல நீர் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல நீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பதடி வரை உப்பு நீர் அழுத்தி வைக்கப்படும் என்பது கொள்கையளவிலான கணக்கு. அந்த ஓரடி குறைந்தால், அடியிலிருந்து உப்பு மேலேறும். கடலோர ஊர்களின் குளங்கள் குளிக்கவும் மாடு கழுவவும் மட்டும் ஏற்பட்டவை அல்ல. கிணற்று நீரை உப்பாகாமல் காப்பதும் அவைதான். குளத்தைத் தூர்த்து மனை போட்டவருக்கும், இரண்டு தெரு தள்ளி அடிபம்பில் உப்புத் தண்ணீர் அடிக்கும் பெண்ணுக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. குடத்தோடு நெடுந்தூரம் நடப்பவர் அவர்தான்.

வயலுக்கும் இதே கதிதான். மண்ணின் மின்கடத்தும் திறன் 3 டெசிசைமனைத் தாண்டினால் நெல் மகசூல் இறங்கத் தொடங்குகிறது. நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் உப்பை மிகவும் அஞ்சுபவை. திருச்சி 1, திருச்சி 3 போன்ற உவர் தாங்கும் இரகங்கள் இருக்கின்றன, பரிந்துரைக்கவும் செய்கிறோம். ஆனால் உப்பைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீரும் வடிகாலும் இல்லாத நிலத்தில் இரகம் எவ்வளவு நாள் தாங்கும்?

வடிகால் என்றதும் ஐப்பசி, கார்த்திகை நினைவுக்கு வருகிறது. கோடையில் தண்ணீர் வராத அதே ஊர்களில் மழைக்காலத்தில் தண்ணீர் போகாது. நசுவினி போன்ற காட்டாறுகளும் வடிகால்களும் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். நிலமோ தட்டையானது. அமாவாசை, பௌர்ணமிகளில் கடல் ஏறி வந்து முகத்துவாரத்தில் எதிர்த்து நிற்கும். இந்த நிலையில் வடிகாலின் அகலத்தில் ஓரடியைக்கூட இழக்க முடியாது. இளம் சம்பாப் பயிர் ஒரு வாரத்துக்கு மேல் முழுவதும் மூழ்கினால் சாதாரண இரகங்கள் அழுகிவிடும், சி.ஆர். 1009 சப்-1 இரண்டு வாரம் வரை தாக்குப் பிடிக்கும். வெள்ளம் வடிந்த பின் யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு கலந்து இடுங்கள் என்று நாங்களும் ஒவ்வோர் ஆண்டும் எழுதுகிறோம். வடிந்தால்தானே!

குடிசையும் தோப்பும்

ஆக்கிரமிப்பை அகற்றுவது என்றதும் இயந்திரம் முதலில் போய் நிற்பது வாய்க்கால் கரைக் குடிசையின் முன்னால்தான். இது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம். சொந்தமாக ஒரு சென்ட் இல்லாத விவசாயக் கூலிக் குடும்பம் கரைமேல் குடியேறியது வேறு. பத்து ஏக்கர் உள்ளவர் பதினோராவது ஏக்கரைக் குளத்திலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. முன்னவருக்கு மாற்று மனை கொடுத்த பிறகே அவரை எழுப்ப வேண்டும். பின்னவருக்கு அறிவிப்புக் கடிதமே அதிகம்.

பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியது தொடர்பான ஜக்பால் சிங் வழக்கில், 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இத்தகைய வேறுபாட்டைக் காட்டியது. நெடுங்காலம் அனுபவித்தோம், பெரும் பணம் செலவழித்துக் கட்டினோம் என்பவை காரணமாகா என்று கூறிய நீதிமன்றம், அரசு அறிவிக்கையின்படி நிலமற்ற தொழிலாளருக்கோ தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கோ குத்தகை தரப்பட்டது போன்ற நிலைகளை மட்டும் விதிவிலக்காக வைத்தது. அதற்கு முன்பே, 2005இல், எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலைகளை அடையாளம் கண்டு ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி அரசுக்கு உத்தரவிட்டிருந்தது. 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவென்றே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது.

பலர் ஒரு விஷயத்தில் ஏமாந்து போவதைக் கண்டிருக்கிறேன். 'எங்களுக்குப் பி-மெமோ இருக்கிறது, இருபது வருடமாகப் பணம் கட்டுகிறோம்' என்று ரசீதைக் காட்டுவார்கள். அதைப் பட்டாவுக்குச் சமம் என்று நம்பிக் கிரயம் பேசியவர்களும் உண்டு. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, அரசு நிலத்தில் அனுமதியின்றி இருப்பவர் மீது விதிக்கப்படும் தீர்வையும் தண்டமுமே அது. பணம் கட்டுவதால் எந்த உரிமையும் பிறப்பதில்லை. உண்மையில் அந்த ரசீது, 'இது என் நிலம் அல்ல' என்பதற்கு நாமே வைத்திருக்கும் சாட்சி.

பிறரைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிடுவது முறையல்ல. என் தந்தையார் காலமான பிறகு பாகம் பிரிப்பதற்காக எங்கள் நிலத்தை அளந்தோம். புலப்படத்தில் வாய்க்கால் இருபது அடி. தரையில் இருந்தது பன்னிரண்டு. எட்டடி எங்கள் தோப்புக்குள் இருந்தது. தந்தையார் நேர்மையானவர், ஒரே நாளில் அவர் எடுத்திருக்க மாட்டார். ஆண்டுக்கு ஒரு மண்வெட்டி வரப்பை வெட்டி வெட்டித் தள்ளியதில் போயிருக்கிறது. அந்த எட்டடியில் காய்த்துக்கொண்டிருந்த தென்னைகளை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. மூன்று ஆண்டுகள் தள்ளிப் போட்டேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அவற்றைச் சாய்த்துப் போட்டது. அதன் பிறகு அங்கே நடவில்லை, எல்லைக்கல் ஊன்றினோம். நானாக வெட்டியிருந்தால் பெருமையாகச் சொல்லலாம்.

கஜாவுக்குப் பிறகு பேராவூரணிப் பகுதியில் இளைஞர்களும் உழவர்களும் கைஃபா என்ற கடைமடை விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, 564 ஏக்கர் பெரியகுளத்தை 2019இல் தூர் வாரினார்கள். தென்னையை இழந்து நின்ற ஊர்கள் குளத்தைத் தேடிப் போனது கவனிக்கத் தக்கது.

உங்கள் ஊரில் தொடங்க ஏற்ற காலம் வாய்க்கால் காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசி. முதலில் வாய்க்காலின் சர்வே எண்ணைக் கண்டு, புலப்படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஏ-பதிவேட்டில் அது எவ்வகைப் புறம்போக்கு என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். இரு கரைக்காரர்களையும் வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள்; பாதிப்பேர் தாமாகவே வரப்பை உள்ளே தள்ளிக்கொள்வார்கள் என்பது என் அனுபவம். மீதிக்கு, மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டு, சர்வே எண்ணுடன் வட்டாட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் மனுக் கொடுங்கள். எண் இல்லாத மனுக்கள் கட்டுக்குள் போய்விடும்.

எல்லை நின்ற பிறகு, துறையின் அனுமதியோடு கரையின் வெளிப்புறம் பத்தடிக்கு ஒன்றாகப் பனங்கொட்டை ஊன்றலாம். ஆவணி, புரட்டாசியில் கொட்டை எளிதாகக் கிடைக்கும். கஜாவில் தென்னை விழுந்த இடங்களில் பனை நின்றதை நாமெல்லோரும் பார்த்தோம். கல்லை ஊன்றிய பிறகே கொட்டையை ஊன்றுங்கள். பனை வளர்ந்த பின் அளந்தால் அதுவும் வாய்க்காலுக்குள் நிற்கக்கூடும்.