பாடசாலை வாழ்வும் பல்கலைக்கழக வாழ்வும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நமது நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

க.பொ.த உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகி, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான செய்தி கிடைத்ததும் வீடே மகிழ்கின்றது. உம்மா பயணப் பையை ஆயத்தம் செய்கின்றார். வாப்பா விடுதிச் செலவைக் கணக்கிடுகின்றார். ஆனால் பிள்ளையின் உள்ளத்தை ஆயத்தம் செய்யும் பணி பல வீடுகளில் மறந்துபோகின்றது. இவ்விரு வாழ்வுகளுக்குமிடையிலான வேறுபாட்டை அறிந்துகொண்டால்தான் அந்த ஆயத்தம் சாத்தியமாகும்.

பாடசாலையில் மாணவனின் நாளைப் பிறர் ஒழுங்கு செய்கின்றனர். காலை 7.30 மணிக்கு மணி ஒலிக்கின்றது, பகல் 1.30 வரை பாடவேளைகள் வரிசையாக நகர்கின்றன. வராவிட்டால் வகுப்பாசிரியர் விசாரிக்கின்றார். நமது முஸ்லிம் பாடசாலைகள் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்காக முன்கூட்டியே முடிவடைகின்றன. ரமழானில் விடுமுறையும் தருகின்றன. வாவிக்கும் கடலுக்கும் இடையே நெருங்கி வாழும் காத்தான்குடியிலே, பாங்கொலி கேட்காத வீதியே இல்லை. மாணவன் தவறினால் வாப்பாவுக்குச் சொல்ல ஒரு காக்காவேனும் அந்த வீதியில் இருப்பார்.

பல்கலைக்கழகத்தில் இந்த வேலிகள் இல்லை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் தரமுயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் வடக்கே வந்தாறுமூலையில் இருக்கின்றது. 1995இல் தொடங்கப்பட்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தெற்கே ஒலுவிலில் இருக்கின்றது. பேராதனை, கொழும்பு, மொறட்டுவை என இன்னும் தூரம் செல்வோரும் உளர். எங்கு சென்றாலும், ஸுபஹுக்கு உங்களை எழுப்ப உம்மா அங்கே இல்லை. விரிவுரைகளுக்கிடையே இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைக்கலாம். அதை நூலகத்தில் கழித்தாயா, சிற்றுண்டிச்சாலையில் கழித்தாயா என்று எவரும் கேட்பதில்லை. விரிவுரைகள் ரமழானிலும் நடைபெறும். நோன்புடன் பரீட்சை எழுதவும் நேரிடும்.

கற்கும் முறையும் மாறுகின்றது. பாடசாலையில் அரசாங்கம் தரும் ஒரே பாடநூலும், மாலை நேரப் பிரத்தியேக வகுப்புக் குறிப்புகளும் பெரும்பாலும் போதுமாயிருந்தன. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வழியை மாத்திரம் காட்டுவார். நூல்களைத் தேடி வாசிப்பது மாணவனின் கடமை. தமிழ் மொழிமூலம் கற்றவர் பல பீடங்களில் திடீரென ஆங்கிலத்தில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். உயர்தரத்தில் ஈராண்டுப் படிப்பு இறுதியில் ஒரே பரீட்சையில் அளக்கப்பட்டது. இங்கோ ஒவ்வோர் அரையாண்டிலும் பரீட்சையும் ஒப்படையும் உண்டு. தவறிய பாடத்தை மீள எழுதுவோருக்குப் பல பீடங்களில் உயர்ந்த தரம் வழங்கப்படுவதுமில்லை. ஆகவே, "இறுதியாண்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நம்மை நாமே ஏமாற்றும் பேச்சாகும்.

சகோதரர்களே! அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு பின்பற்றப்படும் நம் நாட்டில், உங்களுக்குக் கிடைத்த இடம் இம்மாவட்டத்தின் இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்காமற் போன இடமாகும். மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் இலவசக் கல்வி அது. அந்த இடம் ஓர் அமானிதம். அதை வீணாக்கியதற்கு அல்லாஹ்விடம் கணக்குண்டு.

பழகும் மனிதர்களும் மாறுகின்றனர். நம்மூரில் பிறந்து நம்மூரிலேயே கற்ற பிள்ளை, தமிழ், சிங்கள மாணவர்களுடன் ஒரே விடுதியில் முதன்முதலாக வாழ்வது அங்கேதான். அஞ்சி ஒதுங்கவும் வேண்டாம். தனித்துவத்தை இழந்து கரையவும் வேண்டாம். அயலவரின் உரிமையை இஸ்லாம் வலியுறுத்துவதை நாம் அறிவோம். விடுதியில் பக்கத்துக் கட்டிலில் உறங்குபவரும் உங்கள் அயலவரே. உங்கள் நேர்மையைக் கண்டுதான் அவர் இஸ்லாத்தை அறிந்துகொள்வார்.

இனி, பெற்றோர் பேசத் தயங்கும் விடயம் பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இதனைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. சிரேஷ்ட மாணவர்களின் மரபு என்ற பெயரில் ஒருவரை இழிவுபடுத்துவது மார்க்கத்தில் அநியாயமாகும். அதற்கு உள்ளானவர் மறைக்காமல் பெற்றோரிடமும் பல்கலைக்கழக நிர்வாகத்திடமும் கூற வேண்டும். முதலாம் ஆண்டில் அழுதவரே இரண்டாம் ஆண்டில் பிறரை அழவைப்பது இதன் மிகக் கொடிய பகுதி. அச்சங்கிலி உங்கள் கையில் அறுபடட்டும்.

யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவுகூருங்கள். தந்தையைப் பிரிந்து, அந்நிய தேசத்தில், கதவுகள் தாழிடப்பட்ட வீட்டில் அந்த இளைஞர் சோதிக்கப்பட்டார்கள். பார்க்க மனிதர் எவருமில்லை. அவர்களோ அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி வாசலை நோக்கி ஓடினார்கள். மணியும் காவலும் இல்லாத இடத்தில் மாணவனைக் காப்பது, அல்லாஹ் பார்க்கின்றான் என்ற அந்த உணர்வே.

பெற்றோர்களே! அவ்வுணர்வு விடுதிக்குச் செல்லும் நாளில் திடீரென முளைப்பதில்லை. உயர்தரப் பரீட்சை முடிந்து அனுமதி கிடைக்கும் வரையுள்ள மாதங்களை இதற்கெனப் பயன்படுத்துங்கள். எவரும் எழுப்பாமல் ஸுபஹுக்கு எழும்பப் பழகட்டும். ஒரு மாதச் செலவைக் கையில் கொடுத்துக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். தன் உடையைத் தானே துவைக்கட்டும், ஆங்கிலம் கற்கட்டும். மகளுக்கு அனுமதி கிடைத்தால், அச்சத்தினால் மாத்திரம் அவளது கல்வியை நிறுத்திவிடாதீர்கள். பாதுகாப்பான தங்குமிடத்தை நேரில் சென்று பார்த்து ஒழுங்கு செய்யுங்கள். தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்பதோடு நிறுத்தாமல், "மனம் எப்படி இருக்கின்றது?" என்றும் கேளுங்கள். தவறொன்றைச் சொன்னால் உடனே சீறாதீர்கள். சீறினால் அடுத்த தவறு உங்கள் காதுக்கு வராது.

யா அல்லாஹ்! எமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவாயாக! நாங்கள் அருகில் இல்லாத இடங்களிலும் அவர்களது ஈமானையும் ஒழுக்கத்தையும் பாதுகாப்பாயாக! ஆமீன்.