டப்பாவில் 10,000 வாட், ஸ்டிக்கரில் 60 வாட்

ரெண்டாவது வருஷ லீவுல கேட்டரிங் வேலைக்குப் போய் சேர்த்த காசுல நான் வாங்கின முதல் ஆடியோ சிஸ்டம் ஒரு 5.1 ஹோம் தியேட்டர். விலை 7,000 ரூபாய். டப்பா மேல பெரிய எழுத்துல "10,000 வாட் பிஎம்பிஓ". வீட்டுல போட்டதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. தம்பிக்கு ஒரே குஷி. அப்பா மட்டும் ரெண்டு பாட்டு கேட்டுட்டு, "சத்தம் நிறைய வருது, வார்த்தை ஒண்ணும் புரியலையேப்பா"ன்னார்.

அப்பா ஸ்பின்னிங் மில்லுல 22 வருஷம் வேலை பார்த்தவர். மெஷின் சத்தத்துல காது கொஞ்சம் மந்தமாயிடுச்சு. அதனால எதையும் வால்யூம் ஏத்தித்தான் கேப்பார். அம்மா குறைக்கச் சொல்லுவாங்க. எங்க வீட்டுச் சண்டையில பாதி அங்கதான் ஆரம்பிக்கும். புது சிஸ்டம் வந்தா இது தீரும்னு நினைச்சேன். இன்னும் அதிகமாச்சு.

ஒரு வருஷத்துல அதை 2,000 ரூபாய்க்கு வித்துட்டு, 8,550 ரூபாயில நானே ஒரு ஸ்டீரியோ சிஸ்டம் அமைச்சேன். நடுவுல போன 5,000 ரூபாய்க்கு நான் கத்துக்கிட்டதை நீங்க இலவசமா படிச்சுக்கலாம்.

வாட் கணக்கு

அந்த ஹோம் தியேட்டர்ல இருந்தது சாதாரண 6 ஆம்ப் பிளக். 230 வோல்ட்டை 6 ஆம்பால பெருக்கினா 1,380 வாட். அதுக்கு மேல அந்த பிளக் வழியா வரவே கூடாது. அப்போ 10,000 வாட் எங்கிருந்து வரும்? பின்பக்கம் ஒட்டியிருந்த குட்டி ஸ்டிக்கரை விற்கும்போதுதான் படிச்சேன். மின் செலவு 60 வாட்னு போட்டிருந்தது. பிஎம்பிஓ என்பது டப்பாவில் அச்சடிக்க மட்டுமே பயன்படும் எண். நாம பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய பவர்.

சரி, எத்தனை வாட் வேணும்? இங்க முக்கியமானது ஸ்பீக்கரோட சென்சிடிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தா எத்தனை டெசிபல் வருதுங்கறதுதான் அது. 86 டெசிபல் ஸ்பீக்கர்னா ஒரே ஒரு வாட்டுக்கே 86 வரும். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல்தான். பவரை இரண்டு மடங்கு ஆக்கினா 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா ஏறக்குறைய 10 டெசிபல் கூடணும், அதாவது பத்து மடங்கு பவர். அதனால 10க்கு 12 அடி ரூமுக்கு 20, 30 வாட் நிஜமான ஆம்ப்ளிஃபையர் தாராளம்.

காசு எங்க போகணும்?

பாதிக்கு மேல ஸ்பீக்கருக்கு. காரணம் இருக்கு. இன்னைக்கு போன்ல செருகுற சின்ன யூஎஸ்பி டாங்கிள்ல கூட டிஸ்டார்ஷன் காதுக்கே தெரியாத அளவு கம்மி. ஆனா ஸ்பீக்கர் என்பது காகிதமும் காந்தமும் சேர்ந்து நிஜமா ஆடுற ஒரு மெஷின். சிஸ்டத்துல தப்பு அதிகம் நடக்கிற இடம் அதுதான். 7,000 ரூபாயை ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிச்சா ஒண்ணுக்கு எவ்வளவு மிஞ்சும்னு யோசிங்க. அதே காசை ரெண்டு ஸ்பீக்கர்ல போடுறது புத்திசாலித்தனம்.

என் கணக்கு இதுதான்:

- பழைய டூ-வே புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, செகண்ட் ஹேண்ட்: 4,500
- வூஃபருக்குப் புது ஃபோம் வளையமும் பசையும்: 800
- டிபிஏ3116 சிப் போட்ட கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையர், 24 வோல்ட் அடாப்டரோட: 2,100
- யூஎஸ்பி டாங்கிள்: 900
- வயர்: 250

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது ரெண்டு சோதனை பண்ணுங்க. வூஃபர் கோனை நாலு விரலால சுத்தியும் சமமா, மெதுவா அழுத்துங்க. உள்ளே உரசுற சத்தம் கேட்டா வாய்ஸ் காயில் போச்சுன்னு அர்த்தம், வாங்காதீங்க. ஓரத்துல இருக்கிற ஃபோம் மட்டும் உதிர்ந்திருந்தா பயப்பட வேண்டாம், மாத்திக்கலாம். அதைச் சொல்லியே விலையையும் குறைக்கலாம். சென்னைக்காரங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கவே இருக்கு.

வயர் விஷயத்துல யாரும் உங்களை ஏமாத்த விடாதீங்க. நான் போட்டது வீட்டு வயரிங்குக்கு வாங்குற 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர். அதோட ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்கு சுமார் 12 ஓம். 3 மீட்டர் தூரம், போக வர 6 மீட்டர்னா 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கர் முன்னாடி அது ஒரு சதவீதம் கூட இல்லை. ஆயிரக்கணக்கில் கேபிள் விற்கிறவர்கிட்ட ஓம் விதியை ஞாபகப்படுத்துங்க.

காசே இல்லாத அப்கிரேடு

இவ்வளவு செஞ்சும் முதல் நாள் எனக்கு ஏமாற்றம்தான். பாட்டு கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்தது. ஏன்னா ஸ்பீக்கரை ரூம் மூலையில வெச்சிருந்தேன். மூலையில வெச்சா சுவர்களும் தரையும் சேர்ந்து பேஸை ஊதிப் பெருசாக்கும். அது போக ஒவ்வொரு ரூமுக்கும் சொந்த ரெசனன்ஸ் உண்டு. ஒலியின் வேகத்தை ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா வரும். எங்க ரூம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். 343ஐ 7.32 ஆல வகுத்தா 47 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரம் வந்தாலே ரூம் சேர்ந்து உறுமும், சுவரை ஒட்டி உக்காந்தா இன்னும் அதிகமா கேக்கும்.

செஞ்சது இவ்வளவுதான். ஸ்பீக்கரை சுவரில் இருந்து ஒன்றரை அடி முன்னாடி இழுத்தேன். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி, ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு வர்ற மாதிரி வெச்சேன். ரெண்டு ஸ்பீக்கரும் அப்பாவோட நாற்காலியும் சம பக்க முக்கோணம். நாற்காலியைப் பின் சுவரை விட்டு நகர்த்தினேன். வெறும் தரையில எதிரொலி குறைய ஒரு ஜமக்காளம். கல்லு மாடியில கிடந்தது. செலவு பூஜ்யம்.

அப்பாவுக்கு ஏன் புரியலை?

அப்பாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் காது டெஸ்ட் எடுத்தோம். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கிராஃப் சடார்னு இறங்கியிருந்தது. மெஷின் சத்தத்துல போற காது வழக்கமா அங்கதான் முதல்ல அடி வாங்குமாம். "ச", "ஸ" மாதிரி எழுத்துக்களோட கூர்மை மேல் ஹெர்ட்ஸ்லதான் இருக்கு. பேஸ் அதிகமானா அது மேல இருக்கிறதையும் மூடிடும். ஏற்கனவே மங்கலா கேக்குறவருக்கு நான் 7,000 ரூபாய் கொடுத்து ஒரு போர்வையும் போர்த்தி விட்டிருந்தேன்!

இப்போ பழைய அளவுல பாதி வால்யூம்லயே அப்பா வரிகளைப் பிடிச்சு கூடவே முணுமுணுக்கிறார். காது சரியாகலை, சரியாகவும் ஆகாது. சத்தத்துல போன காதை எந்த ஆம்ப்ளிஃபையரும் திருப்பித் தராது. ஹாஸ்டல்ல இயர்ஃபோனை ஃபுல் வால்யூம்ல வெச்சுட்டுத் தூங்குற நண்பர்கள் இந்த வரியை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

அம்மா இப்ப வால்யூமைக் குறைக்கச் சொல்றதில்லை. நடு ஹால்ல எதுக்குடா ரெண்டு கல்லுத் தூண்னுதான் கேக்குறாங்க.