உங்களுக்குத் தெரியுமா? வார்டு ஓட்டு விசேஷங்கள்

இங்கிலாந்தில் நகரசபைத் தேர்தல் எப்போது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடலாம்: வழக்கமாக மே மாதத்து முதல் வியாழக்கிழமை. நம் ஊர் நகராட்சி, பேரூராட்சித் தேர்தலுக்கு அப்படி நாள் சொல்ல முடியுமா? 1986க்குப் பிறகு 1996. அப்புறம் 2001, 2006, 2011 என்று ஒழுங்காக ஓடியது. அதற்கடுத்த ஓட்டு 2022 பிப்ரவரி 19இல்! நடுவே ஒரு தலைமுறை 18 வயதைத் தாண்டி, கல்யாணமும் முடித்திருக்கும்.

★

இவ்வளவு இழுத்ததற்குக் காரணம் உண்டு. 2016 அக்டோபர் 17, 19 என்று தேதியெல்லாம் குறித்தாகிவிட்டது. வேட்புமனு தாக்கலும் நடந்தது. அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பையே ரத்து செய்தது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்பது வழக்கு. அந்த மாதக் கடைசியில் பழைய மன்றங்களின் காலமும் முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டுக்கும் மேலாகக் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. தனி அலுவலர்கள்தான் பேரூராட்சிகளை நடத்தினார்கள். தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதே தெரியாத காலம் அது. (சென்னைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். 1973இல் கலைக்கப்பட்ட அவர்களுடைய மாநகராட்சி மன்றம் திரும்ப வந்தது 1996இல்.)

★

கொடைக்கானல் மலையடிவாரத்தில், காட்ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது நம் தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டி. பஸ்ஸில் போகிறவர்கள் டம்டம் பாறையில் எலிவால் அருவியைப் பார்க்கும் ஆவலில் இந்த ஊரைக் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். ஆனால் ஓட்டுப் போடும் விதத்தில் இந்த ஊருக்கும் பக்கத்துக் கிராமங்களுக்கும் எவ்வளவு வித்தியாசம்! கெங்குவார்பட்டி பேரூராட்சி என்பதால் 2022இல் இங்கே வாக்குப்பதிவு இயந்திரம், கட்சிச் சின்னம், ஒரே ஒரு பொத்தான். 2019 டிசம்பரில் கிராம ஊராட்சிக்காரர்கள் கையில் நாலு சீட்டு வாங்கினார்கள்: வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று. நாலும் நாலு நிறம். முதல் இரண்டில் கட்சிச் சின்னமே கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ, கத்தரிக்காய் மாதிரியான சுயேச்சைச் சின்னங்கள்தான். முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட வேண்டும்.

★

பேரூராட்சியாக இருப்பது பெருமைதான். ஆனால் இழப்பும் உண்டு. கிராம சபைக் கூட்டம் கிராம ஊராட்சிக்கு மட்டும். நூறு நாள் வேலைத் திட்டமும் அப்படியே, ஊரகப் பகுதிக்காகச் செய்யப்பட்டது. அதனால்தான் “எங்கள் ஊரைப் பேரூராட்சியோடு சேர்க்காதே” என்று கிராமத்துப் பெண்கள் கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கிறார்கள். ஊர் வளர்ந்துவிட்டது என்று அரசு சொன்னால் சந்தோஷப்படாமல் பயப்படுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னொரு கூத்தும் நடந்தது. 2004இல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகள் ஒரே அரசாணையில் ‘சிறப்புக் கிராம ஊராட்சி’ ஆயின. 2006இல் மறுபடி பேரூராட்சி ஆயின. மக்கள் அதே வீட்டில், அதே தெருவில்தான் இருந்தார்கள். பெயர்ப்பலகை எழுதும் ஓவியருக்கு மட்டும் இரண்டு தடவை வேலை கிடைத்திருக்கும்.

★

சின்ன ஊர்தான் ஓட்டுப் போடும்! 2022இல் மாநிலம் முழுக்கப் பதிவான வாக்கு 60.70 சதவீதம். பிரித்துப் பார்த்தால் மாநகராட்சிகளில் 52.22, நகராட்சிகளில் 68.22, பேரூராட்சிகளில் 74.68. வேட்பாளர் சித்தப்பா மகனாகவோ, கூடப் படித்தவராகவோ இருக்கும் ஊரில் ஓட்டுப் போடாமல் வீட்டில் உட்கார முடியாது, அடுத்த நாள் டீக்கடைக்குப் போக வேண்டுமே.

அதே காரணத்தால்தானோ என்னவோ, போட்டியின்றி ஜெயித்த 218 பேரில் 196 பேர் பேரூராட்சிக்காரர்கள். பேசி முடித்தார்களா, பயந்து விலகினார்களா என்பதைத் தேர்தல் ஆணையத்தின் பட்டியல் சொல்லாது.

★

பேரூராட்சி வார்டுக்கு டெபாசிட் 1,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 500. நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000. ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் பணம் போச்சு. பேரூராட்சி வேட்பாளர் செலவு செய்ய அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? 17,000 ரூபாய். சிரிக்காதீர்கள், விதிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

★

சட்டமன்றத் தேர்தலில் பழகிப்போன ‘நோட்டா’ பொத்தானைத் தேடியவர்கள் 2022இல் ஏமாந்தார்கள். அந்த உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா இல்லை.

★

ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரூராட்சி சேர்மனையோ? அது ஆட்சிக்கு ஆட்சி மாறும். 1996, 2001இல் நேரடித் தேர்தல். 2006இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் திரும்பவும் நேரடி. 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்து, மறுபடியும் கவுன்சிலர்கள் கைக்கே போனது. அதன்படிதான் 2022 மார்ச் 4 அன்று மறைமுகத் தேர்தல் நடந்தது.

அன்றைக்கு நடந்தவை தமிழக அரசியலில் சுவையான அத்தியாயம். தி.மு.க. தன் கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகள் சிலவற்றில், தி.மு.க. கவுன்சிலர்களே நின்று ஜெயித்துவிட்டார்கள். அதில் ஒன்று நம் தேனி அல்லிநகரம் நகராட்சி. காங்கிரசுக்கு விட்ட இடம். அப்படி ஜெயித்தவர்கள் பதவி விலக வேண்டும் என்று அன்றே முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிக்கை விட்டார். சிலர் விலகினார்கள், சிலர் அசையவில்லை. சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்தவரை எழுப்புவது கட்சித் தலைமைக்கே சுலபமில்லை.

★

கெங்குவார்பட்டியின் தாலுகா தலைநகர் பெரியகுளம். அந்த நகராட்சியின் சேர்மனாக 1996இல் வந்தவர் ஓ. பன்னீர்செல்வம். 2001இல் அதே பெரியகுளத்திலிருந்து எம்.எல்.ஏ. ஆனார், அதே ஆண்டு செப்டம்பரில் முதலமைச்சர். நகராட்சி அலுவலகத்திலிருந்து கோட்டைக்கு ஐந்தே ஆண்டு! பின்னாளில் பெரியகுளம் தனித் தொகுதி ஆகிவிட, 2011 முதல் அவர் போடிநாயக்கனூருக்கு மாறினார். 2022 நகராட்சித் தேர்தலில் அவருடைய சொந்த ஊரான பெரியகுளமும், தொகுதியான போடியும் தி.மு.க. கைக்குப் போயின.

★

2021 அக்டோபரில் கோவை மாவட்டம் குருடம்பாளையம் ஊராட்சியில் ஒரு வார்டு இடைத்தேர்தல். அதில் ஒரு வேட்பாளர் வாங்கியது ஒரே ஓட்டு. வீட்டிலுள்ளவர்களே போடவில்லையா என்று நாடு முழுக்கக் கேலி செய்தார்கள். பாவம், அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஓட்டு இருந்தது வேறு வார்டில்! குடியிருக்கும் வார்டில்தான் நிற்க வேண்டும் என்று சட்டமில்லை. கேலி செய்தவர்கள் வேறு ஒன்றைக் கேட்டிருக்கலாம்: அந்த ஓர் ஓட்டைப் போட்ட நல்லவர் யார்?

★

இரண்டு பேரும் சமமான ஓட்டு வாங்கினால்? குலுக்கல்தான். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலையிலிருந்து இன்றுவரை வழி மாறவில்லை. இங்கிலாந்திலும் அதே கதை. 2017 மே மாதம் நார்தம்பர்லாந்து கவுண்டி கவுன்சிலில் ஒரு வார்டில் இருவரும் சமம். குச்சி எடுக்கச் சொன்னார்கள்; நீளக் குச்சி எடுத்தவர் லிபரல் டெமாக்ரட். தோற்றவர் கன்சர்வேட்டிவ். அவர் கட்சிக்கு மொத்தம் 67இல் கிடைத்தது 33. பெரும்பான்மைக்கு ஒரே ஓர் இடம் குறைவு! ஒரு குச்சியின் நீளம் ஒரு கவுண்டியில் பெரும்பான்மையைத் தட்டிப் பறித்தது.

★

இதைப் படிக்கும் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தேனியிலிருந்து பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ போனவர், இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே அங்கே நகரசபைத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அந்த உரிமை உண்டு. முறையான விசாவும், வாக்காளர் பட்டியலில் பெயரும் இருந்தால் போதும். ஆனால் இங்கிலாந்தில் 2023 மே முதல் படம் போட்ட அடையாள அட்டை காட்ட வேண்டும். நாம் பல காலமாகக் காட்டிக்கொண்டிருப்பதை அவர்கள் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள்! அங்கே கவுன்சிலருக்கு நிற்க டெபாசிட்டும் கிடையாது.

★

தேர்தல் நடத்துவதே போராட்டமாக இருந்த ஊர்கள் நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கின்றன. தேனியிலிருந்து மதுரை போகும் வழியில் உசிலம்பட்டி. அந்த வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, கொஞ்சம் தள்ளி நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல். இந்த நாலு ஊராட்சிகளிலும் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது 1996இல். ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் மனு போட ஆளிருக்காது; மீறிப் போட்டு ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. தேர்தல் அறிவிப்பதும் வீணாவதுமாகப் பத்தாண்டு போயின. 2006 அக்டோபரில்தான் நாலு ஊரிலும் ஒழுங்காக ஓட்டுப்பதிவு நடந்து, தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். 15 ஆண்டு கழித்து, 2021 காந்தி ஜெயந்தி அன்று பாப்பாபட்டி கிராம சபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வந்து உட்கார்ந்தார்.

இதற்கு முன்னால் குடவோலைப் பெருமை எல்லாம் கொஞ்சம் சுருங்கித்தான் போகிறது.

★

கடைசியாக ஒன்று. 2022 மார்ச் 2 அன்று கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு, 2027 மார்ச் தொடக்கம் வரை. உள்ளாட்சி வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் வார்டுவாரியாகப் பிரிக்கப்படும். உங்கள் பெயர் அதில் இருக்கிறதா, சரியான வார்டில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.