ஏடுகளில் எஞ்சிய போர்வீரன்

பிஸ்மார்க்கின் பெயரை அறியாத சரித்திர மாணாக்கர் இலர். ஆனால், அவர் வகுத்த வழியிலே துவக்கேந்தி நடந்த உழவனையும் தச்சனையும் அறிவார் யாவர்? அரசர்க்கும் சேனாபதியர்க்கும் நூல்கள் உள. சாதாரண வீரனுக்கு உள்ளவை சில பழைய பத்திரங்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜேர்மானிய வீரன் ஒருவனின் சேவையை அப்பத்திரங்களைக் கொண்டு ஆராய்ந்தறியும் முறையினை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆராய்வோன் முதலில் வினவ வேண்டியது, இவன் எந்த அரசின் வீரன் என்பதாகும். 1871 ஆம் ஆண்டுக்கு முன் ஜேர்மனி என்னும் ஒரே அரசு இருந்ததில்லை. தனித்தனி அரசுகள் தத்தம் படைகளை வைத்திருந்தன. 1845 இல் ஹனோவர் நாட்டிலே பிறந்த ஒருவனை எண்ணிப் பார்ப்போம். 1866 யூன் 27 ஆம் நாள் லாங்கென்சால்சா என்னுமிடத்தில் அவன் பிரஷியரை எதிர்த்துப் பொருதிருக்கலாம். அன்று ஹனோவரியர் வென்றனர். எனினும் இரண்டே நாளிற் சரணடைந்தனர். அவர்தம் நாடு பிரஷியாவுடன் இணைக்கப்பட்டது. நான்காண்டுகளின் பின், அதே மனிதன் பிரஷியச் சீருடை தரித்துப் பிரான்சின்மேற் சென்றிருத்தல் கூடும். அவன் பற்று எந்நாட்டின்மேலது என்று எவர் துணிந்து கூறவல்லார்?

பேரரசு அமைந்த பின்னரும் பிரஷியா, பவேரியா, சாக்ஸனி, வூர்ட்டெம்பேர்க் என்னும் நான்கும் தத்தம் படை நிருவாகத்தை வைத்திருந்தன. பவேரியப் படை தன் றெஜிமெண்டுகளுக்குத் தனியே எண்ணிட்டது. ஆதலின், 'மூன்றாம் காலாட்படை' என்ற குறிப்பு ஒன்றை மாத்திரம் கொண்டு முடிவு கட்டுதல் தவறாகும். பிரஷியாவிலும் ஒரு மூன்றாம் றெஜிமெண்ட் உண்டு, பவேரியாவிலும் ஒன்றுண்டு.

இரண்டாவதாக வேண்டப்படுவது பிறந்த ஊர். மியுலர், ஷ்மிட் போன்ற பெயருடையார் ஆயிரவர். பெரும்பாலான றெஜிமெண்டுகள் குறித்த மாகாணத்திலிருந்தே ஆள் சேர்த்தமையால், ஊர் தெரியின் றெஜிமெண்டை ஓரளவு உய்த்துணரலாம். பழைய நிழற்படம் ஒன்று இருப்பின், தோட்பட்டையிலுள்ள எண்ணும் உதவி செய்யும்.

பத்திரங்களுள் தலையாயது 'மிலிற்றேர்பாஸ்' எனப்படும் சேவைப் புத்தகம். நிரந்தரச் சேவை முடிந்து சேமப்படைக்கு மாற்றப்படும்போது வீரன் கையில் இது கொடுக்கப்பட்டது. பிறந்த நாள், ஊர், தொழில், சமயம், படையிற் சேர்ந்த நாள், றெஜிமெண்ட், கலந்துகொண்ட போர்கள், பெற்ற பதக்கங்கள், விலகிய நாள் ஆகியன அதிற் காணப்படும். பின்னர்ச் சேமப்படையாளர் கூட்டங்களுக்கு அவன் சமுகமளித்தமையும் அதிலே பதியப்படும். இவை 'குர்ரென்ட்' என்னும் பழைய கையெழுத்து முறையில் எழுதப்பட்டவை. அதில் 'ஈ', 'என்' என்னும் இரு எழுத்துக்களும் ஒன்றுபோலவே தோன்றும். அதனைப் பயிலாதார் ஊர்ப்பெயரையே மாற்றி வாசித்து, காணாத ஊரைத் தேடி அலைவர்.

இனி, அரசு காத்த ஏடுகளின் கதியை நோக்குவாம். பவேரியாவின் படை ஏடுகள் மியூனிச் நகரிலும், வூர்ட்டெம்பேர்க்கினுடையவை ஸ்டுட்கார்ட்டிலும், சாக்ஸனியுடையவை டிரெஸ்டனிலும் பெரும்பாலும் எஞ்சியுள்ளன. ஆனால், ஏனைய மூன்றினும் பெரிய பிரஷியப் படையின் ஏடுகள் பொட்ஸ்டாமில் ஒருங்கே திரட்டி வைக்கப்பட்டிருந்தன. 1945 ஏப்பிரில் 14 ஆம் நாள் இரவு நிகழ்ந்த குண்டுவீச்சில் அவற்றின் பெரும்பகுதி எரிந்து சாம்பராயிற்று. எண்ணிறந்த வீரரின் பெயரிடாப்புக்கள் ஓரிரவில் ஒழிந்தன. ஏடுகள் தீயுண்ட துயரை அறிந்த நமக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

அவ்வாறாயின் பிரஷிய வீரன் அறவே மறைந்தொழிந்தானோ? இல்லை. 1870-71 ஆம் ஆண்டுப் போரின் இழப்புப் பட்டியல்கள் அக்காலத்திலேயே அச்சிடப்பட்டன. இறந்தார், காயமுற்றார், காணாமற்போனார் ஆகியோர் பெயர்கள் றெஜிமெண்ட் வாரியாக, ஊருடன் அவற்றிலுள்ளன. பாளையத் தேவாலயப் பதிவேடுகளில் வீரரின் திருமணங்களும் அவர்தம் பிள்ளைகளின் ஞானஸ்நானங்களும் குறிக்கப்பட்டுள்ளன. வீழ்ந்த வீரரின் பெயரைத் தேவாலயந்தோறும் பலகையிற் பொறிக்குமாறு பிரஷிய மன்னர் 1813 இல் ஆணையிட்டார். அப்பலகைகள் பல இன்றும் உள. இன்னுஞ் சில ஏடுகள் பிறநாட்டிற் கிடக்கின்றன. நெப்போலியனை எதிர்த்துப் பிரித்தானிய மன்னரின் கீழ்ப் போரிட்ட ஜேர்மானியப் படையொன்றின் பத்திரங்கள் இலண்டனைச் சார்ந்த கியூவில் உள்ளன. அவ்வீரர் பெற்ற வாட்டர்லூப் பதக்கத்தின் விளிம்பிலே பெற்றவன் பெயரே பொறிக்கப்பட்டிருக்கும்.

பதக்கமும் பேசும்; கேட்கத் தெரிதல் வேண்டும். 1871 இல் ஏற்படுத்தப்பட்ட போர்ப்பதக்கம் இருவகைத்து. களத்திற் பொருதார்க்கு, பிரெஞ்சுக்காரரிடங் கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்தால் அது வார்க்கப்பட்டது; போர் புரியாது பணிபுரிந்தார்க்கு உருக்கினால் ஆக்கப்பட்டது. உருக்குப் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தம் பாட்டனார் பெருஞ்சமர் புரிந்தார் என்று பேரர் பெருமை பேசுதல் பொருந்தாது. அதனால் அவர் சேவை இழிந்ததுமன்று. காயமுற்றோர்க்கு மருந்திட்டவரும் அவருள் இருந்தனர்.

பத்திரம் கூறுவதற்கு மேலாக ஒன்றையும் ஏற்றிக் கூறாதிருத்தல் ஆராய்வோன் கடன். சேவைப் புத்தகத்தில் 'நடத்தை: நன்று' என எழுதியிருக்கும். அவன் அஞ்சினானோ, வீட்டை நினைந்து ஏங்கினானோ, எதிரிக்கு இரங்கினானோ, அதிலே இல்லை. ஒரு பத்திரத்தை மற்றொன்றுடன் ஒப்பிட்டு, ஒத்ததைக் கொண்டு, ஒவ்வாததை ஐயத்தில் நிறுத்துதலே நெறி.

இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் உண்மை ஒன்றுண்டு. ஒழுங்கிற் சிறந்ததெனப் பெயர்பெற்ற ஓர் அரசு ஓரிடத்திலே குவித்த ஏடுகள் ஓரிரவில் அழிந்தன. ஆனால், பேரறிவில்லாத ஒரு குடியானவன் தன் மரப்பெட்டியில் வைத்துப் போன சிறு புத்தகம் நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றது. காத்தது கல்விமான் அல்லன். தந்தையின் பொருளென்று எறிய மனமில்லாத மகளோ மருமகளோ ஆவள். நம் வீட்டுப் பெட்டிகளிலே கிடக்கும் பழைய உறுதிகளும் கடிதங்களும் கையொப்பமிட்ட சான்றுகளும் நாளை ஒருவனின் ஒரே சரித்திரமாதல் கூடும். அவற்றை எறியுமுன் ஒருகால் விரித்து வாசிப்போமாக.