முன்னோக்கி வளரும் அருவி

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் தெற்கு ஓரத்தில் மேலம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கல் வீடுகள், ஊருக்கு நடுவே ஓர் ஓடை, ஆடு மேயும் புல்வெளிகள், அவற்றைப் பிரிக்கும் சாந்து பூசாத கற்சுவர்கள். ஊரிலிருந்து கிழக்கே புறப்பட்டு, வடக்கே ஏறி, மேற்காக வளைந்து, மறுபடி ஊருக்கே வந்து சேரும் சுற்றுப்பாதை ஒன்று உண்டு. ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். நின்று, உட்கார்ந்து, கட்டுச்சோறு பிரித்து, வேடிக்கை பார்த்து நடந்தால் பாதி நாள். பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகள் தாராளமாக நடக்கலாம். பாதையின் பெரும்பகுதி விவசாயிகளின் மேய்ச்சல் நிலங்களுக்குள்ளேதான் போகிறது. ஆனால் பொது நடைவழி என்று பதிவான பாதையில் யாரும் நடக்கலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். திறந்த படலை மூடிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சுற்றுக்குள் ஒரே ஒரு வேதிவினை ஓரிடத்தில் மலையைக் கரைக்கிறது, இன்னோரிடத்தில் கல்லைக் கட்டுகிறது. ஒரு குழந்தை தன் காலால் நடந்தே இரண்டையும் பார்த்துவிடலாம்.

அந்த வினையை நம் பிள்ளைகள் பள்ளியில் செய்து பார்த்திருப்பார்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினால் நீர் பால்போல் வெளுக்கும். பெரும்பாலான வகுப்புகளில் சோதனை அத்தோடு முடிந்துவிடுகிறது. அது பெரிய இழப்பு. விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் வெண்மை மறைந்து நீர் மறுபடி தெளியும். மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு முதலில் கரையாத கால்சியம் கார்பனேட்டை உண்டாக்குகிறது. வாயு மிகுந்தால் அதையே கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. தெளிந்த அந்த நீரைச் சூடாக்கினால் வாயு வெளியேறி வெண்மை திரும்ப வரும். கால்சியம் கார்பனேட்தான் சுண்ணாம்புக்கல். மேலத்தைச் சுற்றியிருக்கும் குன்றுகள் பெரும்பாலும் அந்தக் கல்லால் ஆனவை.

கல் பிறந்தது 33 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இன்று குளிரில் நடுங்கும் அந்த நிலம் அப்போது பூமத்திய ரேகைக்கு அருகே, வெதுவெதுப்பான ஆழமற்ற கடலுக்கடியில் கிடந்தது. பவளங்களும் சிப்பிகளும் கடல் அல்லிகளும் விட்டுச்சென்ற ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகின. வழியிலுள்ள சுவர்க் கற்களை உற்றுப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகளே புதைபடிவங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஊரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் பாதை ஒரு மரச்சோலைக்குள் நுழைகிறது. வசந்த காலத்தில் தரையெங்கும் காட்டுப்பூண்டு வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பூண்டு வாசம் மூக்கைத் துளைக்கும். சோலையின் முடிவில் ஜேனட்ஸ் ஃபாஸ் அருவி. ஜேனட் என்பவள் தேவதைகளின் அரசி, அருவிக்குப் பின்னாலுள்ள குகைதான் அவள் வீடு என்பது ஊர்க்கதை. அருவிக்குக் கீழே இருக்கும் குட்டையில் ஒரு காலத்தில், கம்பளி கத்தரிக்கும் முன் ஆடுகளை இறக்கிக் குளிப்பாட்டினார்கள். உயரத்தில் இது சின்ன அருவிதான். குற்றாலத்தைப் பார்த்த கண்ணுக்கு ஒன்றுமேயில்லை. ஆனால் இந்தப் பாதையிலேயே பெரிய அதிசயம் இதுதான் என்பேன்.

பொதுவாக அருவிகள் தாம் விழும் பாறையை அரித்து அரித்துப் பின்னோக்கி நகரும். ஜேனட்ஸ் ஃபாஸ் முன்னோக்கி வளர்கிறது. குன்றுகளில் சுண்ணாம்பைக் கரைத்துச் சுமந்துவரும் ஓடைநீர் இங்கே மெல்லிய படலமாகப் பரவிச் சிதறுகிறது. சிதறும்போது நீரிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு காற்றில் கலந்துபோகிறது. பாறையில் படர்ந்த பாசியும் தன் பங்குக்கு அதை உறிஞ்சிக்கொள்கிறது. வாயு குறைந்ததும் சுண்ணாம்பால் கரைந்த நிலையில் இருக்க முடிவதில்லை. பாசியின் மேலேயே படிகிறது. புதையும் பாசி, வெளிச்சம் தேடி மேலே வளர்கிறது. அதன் மீது மறுபடி சுண்ணாம்பு. இப்படி உருவாகும் துளைகள் நிறைந்த கல்லுக்கு டூஃபா என்று பெயர். அருவியின் முகப்பு முழுவதும் திரைபோல் முன்தள்ளி நிற்பது அந்தக் கல்தான். நீரும் பாசியும் சேர்ந்து, இன்று காலையிலும் கட்டிக்கொண்டிருக்கிற கல்.

அங்கிருந்து சற்று நடந்தால் கோர்டேல் ஸ்கார். சுமார் 100 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறைகள் இருபுறமும் நெருங்கிவரும் பிளவு. பனியுகப் பனி உருகி ஓடிய வெள்ளம் வெட்டிய வழி அது. இதன் பிரமாண்டத்தில் மயங்கிய ஜேம்ஸ் வார்ட் என்ற ஓவியர் தீட்டிய, 4 மீட்டருக்கும் அதிக அகலமுள்ள ஓவியம் லண்டன் டேட் பிரிட்டனின் சேகரிப்பில் இருக்கிறது. உள்ளே அருவிப் பாறையில் ஏறிப் போகிறவர்களும் உண்டு. குழந்தைகளோடு வருபவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதே சரி.

பிறகு புல்வெளி ஏற்றம். அது முடிகிற இடத்தில் தரை சட்டென்று சாம்பல் நிறக் கல்தளமாக மாறுகிறது. பனியாறு மண்ணை வழித்தெடுத்துப் பாறையை மொட்டையாக்கிவிட்டுப் போன இடம் இது. பனி விலகியபின் மழை தன் வேலையைத் தொடங்கியது. மழைநீர் காற்றிலிருந்து கொஞ்சமும், மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சிலிருந்து நிறையவும் கார்பன் டை ஆக்ஸைடை எடுத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. பாறையின் இணைப்புகளில் இறங்கி, அவற்றைக் கரைத்து அகலமாக்குகிறது. மேட்டுப் பலகைகளை அங்கே கிளிண்ட் என்றும், நடுவிலுள்ள பிளவுகளை கிரைக் என்றும் சொல்கிறார்கள். ஆடுகளின் வாய்க்கும் குளிர்காற்றுக்கும் எட்டாத அந்தப் பிளவுகளுக்குள் நிழல் விரும்பும் பெரணிகள் தழைத்திருக்கின்றன. ஹாரி பாட்டர் ரசிகர்களுக்கு இந்த இடம் அடையாளம் தெரியும்; 2010இல் வெளியான படத்தின் காட்சி ஒன்று இங்கே எடுக்கப்பட்டது. கல்தளத்தின் முடிவில் தடுப்புச்சுவர் கிடையாது. அதற்கப்பால் 80 மீட்டர் பள்ளம். பிள்ளைகளின் கையை விடக் கூடாது.

அந்தப் பள்ளத்தின் முகம்தான் மேலம் கோவ். பக்கவாட்டிலுள்ள கற்படிகளில் இறங்கி நிமிர்ந்தால், சுமார் 300 மீட்டர் அகலத்துக்கு வளைந்து நிற்கும் வெள்ளைச் சுவர் தெரியும். பனியுகத்தின் இறுதியில் இதன் மேலிருந்து ஓர் ஆறே கொட்டியது. கரையும் பாறைமேல் ஆறு எப்படி ஓடியது? நிலம் உறைந்து, பிளவுகளைப் பனிக்கட்டி அடைத்திருந்ததால் நீருக்குக் கீழிறங்க வழியில்லை. உறைபனி இளகியதும் பிளவுகள் திறந்தன. ஆறு நிலத்துக்குள் மறைந்தது. 2015 டிசம்பர் 6 அன்று டெஸ்மண்ட் புயல் கொட்டிய மழையில் நிலத்தடிப் பாதைகள் நிரம்பி வழிந்தன. ஊரில் உயிரோடிருந்த எவரும் பார்த்திராத அருவி, அன்று சிறிது நேரம் விழுந்தது.

இன்றைக்குச் சுவரின் அடியிலிருந்து ஓர் ஓடை சத்தமில்லாமல் வெளிவருகிறது. மேலே சில கிலோமீட்டர் தள்ளி மேலம் டார்ன் என்ற ஏரி இருக்கிறது. அதன் அடியில் நீரைக் கசியவிடாத சிலேட்டுப் பாறை என்பதால் தண்ணீர் தங்குகிறது. ஏரியிலிருந்து புறப்படும் ஓடை சுண்ணாம்புக்கல்லைத் தொட்டதும் தரைக்குள் போய்விடுகிறது. மறையும் ஓடைதான் கோவின் அடியில் வெளிவருகிறது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த நீரின் பெரும்பகுதி மேலம் கோவையும் தாண்டி, ஊருக்கும் தெற்கே ஏர்ஹெட் ஊற்றுகளில்தான் எழுகிறது. கோவின் அடியில் வரும் ஓடைக்கு வேறு இடத்தில் மறையும் நீர் ஊட்டுகிறது. இரண்டு நீரும் நிலத்துக்கடியில் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றன! வெளியே வந்தபின் இரண்டும் கூடி ஏர் ஆறாகி, லீட்ஸ் நகரின் நடுவே ஓடுகின்றன.

இங்கிலாந்தில் வாழும், அல்லது அங்கே போகவிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். மே மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கி, ஜேனட்ஸ் ஃபாஸில் தொடங்கி மேலம் கோவ் பக்கமாக இறங்கும் திசையிலேயே நடங்கள். கட்டுவதை முதலில் பார்த்தால்தான் கரைப்பதன் அளவு புரியும். கல்தளத்திலிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்காதீர்கள். தோட்ட அலங்காரத்துக்காகப் பெயர்த்துச் சென்றதில் அழிந்தவை போக மிஞ்சிய கல்தளங்களைக் காக்க 1981இல் சட்டமே போட வேண்டியிருந்தது. அருவித் திரைமீது பிள்ளைகளை ஏறவும் விடாதீர்கள். டூஃபா எளிதில் நொறுங்கும் கல். ஒரு மிதியில் உடைவதை நீரும் பாசியும் மீண்டும் கட்டப் பல்லாண்டுகள் ஆகும்.